எழுத்துரு மாறியபோது

மதியம் மூன்று மணிக்கு எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கண் சொக்கும். எனக்கு மட்டும் சொக்காது. பட்டியல் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

விசாரணைக் குழுவினர் நீங்கள் நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். நேற்று வாய்மொழியாகச் சொன்னதையே எழுதுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் மாற்றம் இருக்கும். அது வரும்போது சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் முப்பத்தொரு துறைகளும் அந்தந்த ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் விவரத்தை எங்களுக்கு அனுப்பும். தலைப்பு, எழுதியவர்கள், இதழ், பக்கம், அந்தக் கட்டுரையை வேறு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்ற எண்ணிக்கை. எல்லாவற்றையும் நான் ஒரே புத்தகமாகத் தொகுப்பேன். வானியலுக்குப் பக்கத்தில் பல் மருத்துவம் வரும், மண்ணியலுக்குக் கீழே மொழியியல். எதுவும் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. ஒரு கமா இடம் மாறினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. முப்பத்தொரு துறையும் ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். எது கையில் கிடைத்தாலும் அந்த எழுத்துருவுக்கு மாற்றிவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

பக்கத்து மேசை அக்கா ஒருநாள் கேட்டார்.

"தம்பி, இந்த விலங்கியல்காரங்க ஒரே தவளையைப் பத்தி ஏழு கட்டுரை அனுப்பியிருக்காங்க. அந்தத் தவளைக்கு விஷயம் தெரியுமா?"

"ஏழையும் போடுங்கக்கா. எண்ணிக்கை குறைஞ்சா கமா கத்துவாரு."

"போடறேன். எழுதினவங்க வரிசையில தவளையையும் சேர்த்துடவா? அது ஒண்ணுதான் உழைச்சிருக்கு."

சிரித்தோம். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள்.

அவள் மருந்தியல் துறையில் ஆய்வு மாணவி. பெரியவர்களுக்குத் தரும் ஒரு பழைய வலி மருந்தைப் பிறந்த குழந்தைகளுக்கு எவ்வளவு குறைவாகத் தரலாம் என்பது அவள் ஆய்வு. நான்கு வருடம் அதே வேலை.

"நீ பேசற மாதிரிதான்டா இதுவும். எவ்வளவு கம்மியா இருந்தா போதும்னு கண்டுபிடிக்கணும்" என்பாள்.

கட்டுரையை எழுதி முடித்த மாதம் அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்தது. அவளால் உட்கார முடியவில்லை. கட்டுரையைச் செப்பனிட்டு இதழுக்கு அனுப்பியது நான். அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்த்ததும் நான். வழிகாட்டிப் பேராசிரியருக்குப் பதினாறு மாணவர்கள். எழுதியவர்கள் வரிசையில் கடைசிப் பெயர் அவருடையது. தலைப்பைப் படித்திருப்பார்.

மூன்றாம் அட்டவணையில் மருந்தின் அளவு இருந்தது. அளவுக்குப் பக்கத்தில் மைக்ரோ என்பதற்கான கிரேக்க எழுத்து வர வேண்டும். அவள் தட்டச்சு செய்த பழைய கோப்பில் எழுத்துரு மாறினால் அந்தக் கிரேக்க எழுத்து ஆங்கில எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகும். ஆயிரம் மடங்கு. பார்வைக்கு உறுத்தாது. பெரியவர்களுக்குத் தரும் அளவைவிட அதுவும் குறைவுதான். எழுத்துரு மாறிவிட்டது. கட்டுரை அப்படியே அச்சானது. அது வெளியாகிப் பன்னிரண்டாம் நாள் அவள் இறந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கணக்கை நான் மூடவில்லை. காலையில் முதலில் அதைத்தான் திறப்பேன். எழுதியவர் ஒரு சிறிய மருத்துவமனையின் குழந்தை மருத்துவர். "அம்மா, மூன்றாம் அட்டவணையில் அலகு சரிதானா? சற்று அதிகமாகத் தோன்றுகிறது" என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். பிழை திருத்தப்பட்ட கட்டுரைகளுக்கு எங்கள் புத்தகத்தின் கடைசியில் தனிப் பக்கம் உண்டு. விலக்கிக்கொள்ளப்பட்டவையும் அங்கேதான். அந்தப் பக்கத்தில் அவள் பெயர் வருவதை நான் விரும்பவில்லை. அந்த வாரம்தான் அத்தை தொலைபேசியில் பேசினார்.

"மாப்ள, அவ பேரு புஸ்தகத்துல வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அத்தை."

"எத்தனாவது பக்கம்?"

"நூத்தி எண்பத்தி நாலு."

"இருங்க, எழுதிக்கறேன். கேக்கறவங்ககிட்ட சொல்லணும்ல. வேற என்ன இருக்கு எனக்குச் சொல்ல."

மருத்துவருக்குப் பதில் எழுதினேன். "சரிபார்த்தேன். அச்சில் உள்ளபடியே சரி. நன்றி." கீழே அவள் பெயர். அவள் எழுதுவதைப் போலத்தான் இருந்தது. அவர் உடனே நன்றி சொன்னார்.

எட்டு மாதம் கழித்து, பட்டியலுக்காக மேற்கோள்களைத் தேடும்போது ஒரு புதிய கட்டுரை கிடைத்தது. மூன்று பக்கம். பிறந்த ஒரு வாரத்துக்குள் மூன்று குழந்தைகள் ஒரே மருத்துவமனையில் மூச்சடங்கி இறந்ததைப் பற்றியது. இரண்டு பெண், ஓர் ஆண். எடைகளைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த மருந்தின் அளவையும் கொடுத்திருந்தார்கள். அந்த அளவுக்கு ஆதாரமாகக் காட்டியிருந்தது அவள் கட்டுரையை. எழுதியவர்களில் அந்த மருத்துவரும் ஒருவர்.

மேற்கோள் எண்ணிக்கை பதினேழிலிருந்து பதினெட்டு ஆயிற்று. அதைப் பதிந்தேன். விதிப்படி பதிய வேண்டியதுதான்.

அன்று கமா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"மருந்தியல் ஏறுது போல. உங்க வீட்டம்மாவோடதுதானே? இருந்து பார்த்திருக்கலாம்."

"ஆமா சார்."

"அந்தப் பதினெட்டுக்கு முன்னால ஒரு இடம் விடுங்க."

விட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு கடிதங்கள் வந்தன. வேறு வேறு ஊர்கள், அதே கேள்வி. அதே பதிலை அனுப்பினேன். அந்த மருத்துவமனைகளில் என்ன நடந்தது என்று நான் தேடவில்லை.

கடைசியில் இதழின் ஆசிரியர் குழு இந்தப் பதில்களைப் பற்றி வழிகாட்டிப் பேராசிரியரைக் கேட்டது. அவர் என் மேசைக்கே வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"அவ போய் ஒரு வருஷம் ஆச்சேப்பா. பதில் எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

நேற்று உங்களிடம் இரண்டு விஷயம் சொன்னேன். பிழை இருப்பதே அந்த மருத்துவரின் கடிதம் வந்த பிறகுதான் தெரியும் என்றேன். அவள் பெயரைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்றேன். நான் சொன்ன மாற்றம் இங்கேதான்.

இதழ் வெளியான அன்றே ஒரு பிரதியை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று. அவள் அட்டையைப் பார்க்கவில்லை. நேராக மூன்றாம் அட்டவணைக்குப் போனாள்.

"டேய், மைக்ரோ எங்கடா?"

குனிந்து பார்த்தேன்.

"ஃபான்ட் மாத்தினியா?"

"ம்."

எழுத்துரு தானாக மாறவில்லை. நான் மாற்றினேன். அந்த இதழ் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் கை மாற்றியது.

அவள் திட்டவில்லை. "சரி விடு. கமா உன்னைக் கெடுத்து வெச்சிருக்காரு. நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். அரை மணி நேரம் ஆயிற்று. அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆய்வு முடிவுகள் சரியானவை என்றும், கோப்பைச் செப்பனிட்டவர் எழுத்துருவை மாற்றியதில் அலகு கெட்டது என்றும், அவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவு ஊழியர் என்றும் அதில் இருக்கிறது. கணவர் என்று அவள் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிரிவில் இருப்பது ஐந்து பேர்.

"இன்னிக்கே அனுப்பிடு. குழந்தைங்க விஷயம்" என்றாள்.

இன்று காலை அந்தத் தாளை மறுபடி படித்தேன். அது போயிருந்தால் அவள் பெயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் ஊசி போடுவதற்கு முன் அவள் கண்ணைத் திறந்து, "அனுப்பிட்டியா?" என்று கேட்டாள். "அனுப்பிட்டேன்" என்றேன். பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். அதையாவது அவளுக்காகச் செய்தேன்.