ரேக் பெட்டி வாங்க வந்தவருக்கு

கிதார் ஒலிக்கு எக்கோ சேர்க்கிற எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கும்போது முதலில் அதன் விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். கடைத்தெரு இரைச்சலில் அது கேட்காது, மேடையில் உயிரை வாங்கும். எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டு, பெருவின் இந்த மலையூர் உவான்காயோ வரைக்கும் வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் குழுவில் எலியசர் போமா கிதார் வாசித்தான். குழு என்னுடையது, பேஸ் கிதாரும் நான்தான். அவன் மகளுக்கு நான் ஞானத்தந்தை. எங்களைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டவர்கள் அவன் விரலுக்காகத்தான் கூப்பிட்டார்கள், இதை நான் மறைத்ததில்லை. லிமாவின் பெரிய குழு ஒன்று அவனை அழைத்ததும் முதலில் என்னிடம்தான் வந்து சொன்னான்.

"அண்ணே, சாந்தியாகோ திருவிழா முடிஞ்சதும் கிளம்பிடலாம்னு இருக்கேன். கோச்சுக்காதீங்க."

"எனக்கென்னடா கோவம்? ஒரு நல்ல பெட்டி வாங்கித் தரேன். போற வரைக்கும் ராஜா மாதிரி வாசி."

லிமாவில் பரூரோ தெருவில் நாள் முழுக்க அலைந்து பார்த்தேன். நல்ல பெட்டிகள் எல்லாம் கம்பியின் நேர் ஒலியைத் தொடாமல் விட்டு, மேலே எக்கோவைச் சேர்ப்பவை. ஒன்றே ஒன்று மட்டும் மொத்த ஒலியையும் விழுங்கி, நாம் சொல்கிற நேரத்தில் திருப்பித் தந்தது.

"இதுல எக்கோ சுமார்தாண்ணே, இதையா எடுக்கறீங்க?" என்றாள் கடைக்காரி நெலிதா. கெட்டியாக இருக்கிறது என்றேன்.

காலடியில் கிடக்கும் பெட்டி என்றால் வாசிப்பவன் குனிந்து பார்த்துவிடுவான். ரேக் என்கிற இரும்புச் சட்டத்தில் பூட்டினால் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். என் பக்கத்தில் நிறுத்தினேன். கொஞ்ச நாள் எதையும் தொடவில்லை. பிறகு அவன் ஒலியைக் கண்ணிமைப்பதற்கும் குறைவாகப் பிந்த வைத்தேன். வாராவாரம் இன்னும் கொஞ்சம்.

"அண்ணே, என் கை லேட்டா வருதா?"

"அசதிடா. கோழி சூப் குடி, சரியாப் போயிடும்."

அந்த லிமா குழுவிலிருந்து ஒருவர் வந்து அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, பியரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்தான். நிறுத்தினால் அவன் கை சரியாகிவிடும், மறுபடி கூப்பிடுவார்கள். நான் என்ன செய்ய?

ஒருநாள் சந்தோஷமாக ஓடி வந்தான். வீட்டில் பெட்டி இல்லாமல் வாசித்தால் கை சுத்தமாக ஓடுகிறதாம். "வீட்ல எல்லாருக்கும்தான் ஓடும். மேடையில மட்டும் நரம்பு இழுக்குது பாரு, அதான்டா வியாதியே" என்றேன். பெட்டியைவிட அந்தப் பேச்சு நன்றாக வேலை செய்தது. அப்புறம் வீட்டிலும் தடுமாறினான். கரண்டி பிடிக்கும்போதுகூட விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தியக்காரி ஒருத்தி எங்கள் மலை வழக்கப்படி அவன் கையில் கினிப்பன்றியைத் தேய்த்து, பிறகு அந்தப் பன்றியை அறுத்துப் பார்த்து, மணிக்கட்டில் கோளாறு என்றாள். அழுதான். எனக்குப் பாவமாக இருந்தது.

அன்றைக்கே பெட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அவன் பிந்தினான் என்றால் அது அவன் கை, என் பெட்டி இல்லை.

மணிக்கட்டைக் கீறி நரம்பை விடுவிக்கலாம் என்றார் ஒரு டாக்டர். உடன் போனது நான்தான். தள்ளுபடுக்கையில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க எங்கிட்ட பொய் சொல்ல மாட்டீங்கண்ணே. நெஜமாவே லேட்டாத்தான் வருதா? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எந்திரிச்சு வந்துடுறேன்."

"லேட்டாத்தான்டா வருது" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதானே.

கீறியதில் இரண்டு விரல்கள் செத்துவிட்டன. இப்போது எங்கள் நிகழ்ச்சி வாசலில் டிக்கெட் கிழிக்கிறான். லிமாக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் நான்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். குழந்தை மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பான். இத்தனை பேரில் அவனை விட்டுப் போகாதவன் நான் ஒருவன்தான்.