கேரியரில் வந்த இன்னாசியம்மாள்

— சீட்டு ஸ்பிரிங்கப் புடிக்காதீங்கக்கா, வெரலு மாட்டிக்கும். கேரியர் கம்பிய கெட்டியாப் புடிச்சிக்கங்க.

— புடிச்சிட்டேன் பாய். சேசுவே! இந்தப் பள்ளத்தப் பாத்து ஒதுக்கக் கூடாதா?

— எந்தப் பள்ளம்?

— இப்ப எறங்கி ஏறுனமே, அந்தப் பள்ளம்.

— அது பள்ளமா? மரத்து நெழலுன்னு நெனச்சேன்.

— ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்தவ நானு. நீங்க நெழலுங்கறீங்க.

— வழியப் பத்திக் கவலப்படாதீங்க இன்னாசியம்மாக்கா. பென்னாகரம் பள்ளிக்கூடத்துல கண்ணு டாக்டருங்க பந்தல் போட்டு ஒக்காந்திருக்காங்க. உங்கள அங்க எறக்கி வுட்டுட்டா என் வேல முடிஞ்சிது.

— வாரா வாரம் இதே வேலையா உங்க சைக்கிள் கூட்டத்துக்கு?

— ஞாயித்துக்கெழம தவறாது. ஒரு வாரம் ஏரியூர் ரோட்டுல நட்ட புளியங்கன்னுக்குத் தண்ணி ஊத்துவோம். ஒரு வாரம் யாராச்சும் சீக்காளிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போவோம். இந்த வாரம் கண்ணு முகாம். போறப்ப டீ, வர்றப்ப போண்டா. எங்க சங்கத்துக்குச் சட்டமே அது ஒண்ணுதான்.

— வூட்டுல திட்ட மாட்டாங்களா?

— வூட்டுல யாரு இருக்கா? சம்சாரம் எண்பத்தி நாலாம் வருசம் மவுத்தாப் போயிட்டா. அப்புறம் தையக்கடை வுட்டா வூடு, வூடு வுட்டா தையக்கடை. பேச ஆளில்லாம மிஷினோடவே பேசிக்கிட்டிருந்தேன்னு வச்சிக்கங்க. எதுத்தாப்புல சைக்கிள் கடை வச்சிருக்கற முகம்மது கவுஸ்தான் ஒருநாளு, ‘வாடகை வேணாம், ஏறு சுபான்’னு ஒரு சைக்கிளத் தள்ளி வுட்டாரு. அன்னைலருந்துதான் எனக்குச் சிரிப்பே வந்துச்சி.

— முன்னாடி பெல்லு அடிச்சிக்கிட்டே போறாரே, அவரா?

— அவரேதான். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

— பாய், ரோட்டோரமா ஏதோ கத்துதே. வெள்ளாடா, செம்மறியா?

— ம்... செம்மறிதாங்க. பெருசா ஒண்ணு நிக்குது.

— கத்துனது கன்னுக்குட்டி.

— கன்னுக்குட்டியா? வெயிலு கூசுதுக்கா, அதான்.

— உங்களுக்கும் கண்ணு தெரியல, இல்லிங்களா?

— மெதுவாப் பேசுங்கக்கா! பின்னால எங்க சங்கத்து ஞானராசு வர்றான்.

— அப்ப நெசந்தான்.

— கல்லு தெரியாது, பள்ளம் தெரியாது. வெள்ளச் சட்ட மட்டும் தெரியும். கவுசு சட்டையப் பாத்துக்கிட்டே பின்னாடி ஓட்டிருவேன். அல்லாவுக்காக யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.

— முகாமுக்குத்தான போறோம்? நீங்களும் டாக்டருக்குக் கண்ணக் காட்டிருங்களேன்.

— காட்டுனா? ‘கண்ணு தெரியாதவன் சைக்கிள்ள ஆளு ஏத்தலாமா’ம்பாங்க. ‘சுபான், நீ கடையிலயே இரு’ம்பாங்க. கண்ணு போனாக்கூட போவட்டும். என் ஞாயித்துக்கெழம போச்சின்னா திரும்ப அந்த மிஷினோடதான் பேசணும்.

— இந்தக் கண்ண வச்சிக்கிட்டு எப்படித் தைக்கறீங்க?

— அத ஏன் கேக்கறீங்க! ஞானராசு சட்டக்கி பாக்கெட்ட வலது பக்கம் வச்சித் தச்சிட்டேன். அவன் அதையே போட்டுக்கிட்டு, ‘புது பேஷன் பாய், எல்லாம் கேக்கறாங்க’ங்கறான்.

— பேஷனா! அட பாவமே, உங்க மனசு நோகக்கூடாதுன்னு அந்தப் புள்ள போட்டுக்கிட்டுத் திரியுது.

— என்ன சொல்றீங்க?

— கன்னுக்குட்டியத் தாண்டி எவ்வளவு தூரம் வந்துட்டோம். ஒரு பஸ்ஸு சத்தம் இல்ல, ஒரு மாட்டுவண்டிச் சத்தம் இல்ல. கவுசு யாருக்கு பெல்லு அடிக்கறாரு? உங்களுக்குத்தான் பாய். அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டு நீங்க பின்னாடியே வரணும்னு.

— எறங்குங்க.

— ஏன் பாய்?

— எறங்குங்கக்கா. சைக்கிள நிறுத்தணும். அப்ப எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிக்கிட்டே எங்கிட்ட சிரிச்சிப் பேசியிருக்காங்க. இனிமே இந்த மூஞ்சிய எப்படிக் காட்டுவேன்? நான் வூட்டுக்குத் திரும்பறேன்.

— எறங்கிட்டேன். இப்ப ஒரு வார்த்த கேளுங்க. அவங்க உங்களப் பாத்துச் சிரிச்சாங்களா, உங்களுக்கு வழி காட்டுனாங்களா? உங்கள வேணாம்னு நெனச்சிருந்தா அந்தக் கை எப்பவோ பெல்லு அடிக்கறத வுட்டிருக்கும். அல்லான்னு நீங்க கூப்புடுங்க, சேசுன்னு நான் கூப்புடறேன். அவரு உங்க கண்ணுல புரையக் கொடுத்தாரு. கூடவே இத்தன கூட்டாளிங்களயும் கொடுத்தாரு. ரெண்டையும் சேத்துக் கணக்குப் பாருங்க.

— பெல்லு சத்தமே காணோமே. கவுசு போயிட்டாரா?

— எங்க போவாரு? நீங்க நின்னதும் அவரும் நின்னுட்டாரு. சரி, நீங்க திரும்பிப் போயிட்டா என்னய யாரு டாக்டருகிட்ட சேக்கறது? நடு ரோட்டுல வுட்டுட்டுப் போயிருவீங்களா?

— அதெப்படிங்க வுடுவேன்! ஏறுங்க. உங்களுக்காவத்தான் வர்றேன். பந்தல்ல உங்கள எறக்கிட்டு, யாரு மூஞ்சியும் பாக்காம திரும்பிருவேன்.

— அதுவே போதும் பாய். மிதிங்க.

— பென்னாகரம் வந்தாச்சிக்கா. இதுதான பந்தலு? ஒரே கும்பலா இருக்குது. டேய் ஞானராசு, எங்க இருக்கற?

— பக்கத்துலதான் பாய் நிக்கறேன்.

— இந்தாடா, இன்னாசியம்மாக்கா. ரெண்டு கண்ணுலயும் புரை. பயப்படுவாங்க, பதமாக் கூட்டிப்போ. நான் கெளம்பறேன்.

— கெளம்பறதா? நீங்க அக்காவ எறக்கறப்பவே சைக்கிள கவுசு பாய் தள்ளிக்கிட்டுப் போயி பூட்டியே வச்சிட்டாரு. ஒக்காருங்க. டாக்டரு உங்களத்தான் கூப்புடறாரு.

— என்னயா?

— உங்களத்தான். ஆபரேசன் ஆயி கண்ணு ஆறுற வரைக்கும் ஞாயித்துக்கெழமையில என் கேரியர்ல ஒக்காந்து வாங்க. நீங்க இல்லாம எங்களுக்கு எந்தக் கடையில போண்டா எறங்கும்?

— டேய்... அது இருக்கட்டும்டா. மொதல்ல அக்காவப் பாக்கச் சொல்லு. பாவம், அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க.

— எனக்கென்ன பாய் கொற? ஊசியில நூலு நானே கோப்பேன். புரைன்னு பொய் சொன்னதுக்குப் பங்குச் சாமியாருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்கள இங்க எப்படிக் கூட்டியாறதுன்னு தெரியாம உங்க கூட்டாளிங்கதான் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாங்க.