ஓட்டைப் பீஸுக்குப் பச்சை எரிந்த நாள்

09.10.2014 வியாழக்கிழமை பிற்பகல் 1.20 மணிக்கு, பெண் காவலர் உடனிருக்க, தலைமைக் காவலர் முனிரத்தினம் அவர்கள் விசாரிக்கச் சொல்லியது.

என் பெயர் முத்துச்செல்வி, வயது 23, தகப்பனார் பெயர் உச்சிமாகாளி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்சமயம் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்புறம் மாடி அறை ஒன்றில், என்னோடு லைனில் வேலை பார்க்கும் கவியா உட்பட ஐந்து பெண்களோடு வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். வல்லம் வடகாலில் உள்ள கம்பெனியில் மூன்று வருடமாக வேலை பார்த்து வருகிறேன். கம்பெனி என் மேல் கொடுத்திருக்கும் புகாரை ஏட்டையா படித்துக் காட்டினார். லாரியை மறித்தேன், பெட்டியைக் கிழித்தேன், மிஷினை வேண்டுமென்றே கெடுத்தேன் என்று அதில் மூன்று இருக்கிறது. முதல் இரண்டும் நான் செய்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் லைனில் செய்வது பீக்கன் என்ற கருவி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பனி மலையில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் அதை வார் போட்டு நெஞ்சில் கட்டிக்கொள்வார்கள். பனி சரிந்து ஆளை மூடிவிட்டால், உள்ளே இருக்கிறவர் எங்கே கிடக்கிறார் என்று அது மேலே தேடுகிறவர்களுக்கு சிக்னல் கொடுக்கும். கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டிரெய்னிங்கில் சொல்லியிருக்கிறார்கள். சிப்பாய்களுக்குப் போவது பச்சை நிறம். அதையே ஆரஞ்சு நிறத்தில் மலையேறுகிறவர்களுக்கும், புதுசு புதுசாகக் கருவி வாங்கிப் பார்க்கிறவர்களுக்கும் இன்டர்நெட்டில் விற்கிறார்கள். ஒரு பையன் அதை மீன் தொட்டிக்குள் போட்டு, கார் ஏற்றி, மூன்றாவது மாடியிலிருந்து கீழே போட்டு, "பக்காவா கீதுப்பா" என்று சொல்லும் வீடியோவைக் கவியா போனில் காட்டினாள். பார்த்து எங்களுக்கு ஒரே பெருமை. அந்த வீடியோவை அறையில் நாலு தடவை போட்டுப் பார்த்தோம்.

அந்த டப்பாவுக்குள் தண்ணீர் போகுமா போகாதா என்று பார்ப்பது என் வேலை. டப்பாவை மிஷினில் வைத்து மூடினால் குழாய் வழியாகக் காற்று அடிக்கும். எங்காவது கசிந்தால் சிவப்பு, கசியாவிட்டால் பச்சை. மிஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஊசி அளவு துளை போட்ட டப்பா ஒன்று உண்டு. ஓட்டைப் பீஸ் என்போம். தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் முதலில் அதை வைக்க வேண்டும், சிவப்பு எரிய வேண்டும், எரிந்தால் தாளில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். முறை அதுதான்.

1-ந் தேதி புதன்கிழமை மதியம் லைனில் ஆயுத பூஜை போட்டோம். குழாயை எல்லாம் கழற்றி மிஷினைத் துடைத்தோம். அதன் பிறகு மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை எனக்கு வந்தது. மற்ற மிஷினுக்கெல்லாம் ஒரு பொட்டு. என் மிஷினுக்கு மட்டும் கட்டை விரலால் நிறைய எடுத்து, குழாய் மாட்டும் பித்தளை வாய் வட்டமாக இருந்ததால் அதன் மேலேயே அழகாக வைத்தேன். அதுதான் நான் செய்தது. கெடுக்கணும் என்று யாராவது சாமிக்குச் சந்தனம் வைப்பார்களா ஐயா?

அதன் பிறகு ஓட்டைப் பீஸையும் வரிசையில் வைக்கப் போனேன். லைன் சூப்பர்வைசர் கோதண்டராமன் அண்ணன் வல்லத்துக்காரர், நல்ல மனிதர். அவர், "ஓட்டையானத சாமி முன்னாடி வெக்கக் கூடாதும்மா, உன் வூட்ல வெப்பியா?" என்று சொல்லி அதை வாங்கித் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதன் பிறகு அவர் புரட்டாசி என்பதால் திருப்பதிக்கு நடந்து போகிறேன் என்று எட்டு நாள் லீவில் போய்விட்டார். சாவியும் அவரோடு போய்விட்டது.

இரண்டு நாள் பூஜை லீவு முடிந்து 4-ந் தேதி சனிக்கிழமை காலை வேலைக்கு வந்த யாரோ குழாயை மாட்டியிருந்தார்கள். சந்தனம் காய்ந்து உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் ஓட்டைப் பீஸ் இல்லை என்று குவாலிட்டி மேனேஜர் ராஜாமணி சாரிடம் போய்ச் சொன்னேன். கோதண்டராமன் அண்ணனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சார், "டிக் போட்டுட்டு ஓட்டும்மா, அவசர ஆர்டர், இதுக்காக லைன நிறுத்த முடியுமா?" என்றார். நான் டிக் போட்டேன். 4, 6, 7, 8 நாலு நாளும் போட்டேன். நாலிலும் என் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தாளைத்தான் புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வழக்கமாக நூறு டப்பாவுக்கு இரண்டு மூன்று சிவப்பு வரும். அந்த நாலு நாளில் ஒன்றுகூட வரவில்லை. பூஜை போட்டதில் மிஷினுக்கு அருள் வந்துவிட்டது என்று கவியா கேலி செய்தாள். கேன்டீன் போகும் வழியில் உள்ள போர்டில் ஜீரோ ரிஜெக்ட் என்று எழுதி என் போட்டோவை ஒட்டினார்கள். நான் அதைப் போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். சந்தேகம் வந்திருக்க வேண்டியவள் நான்தான். எனக்கு வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்று காலை கோதண்டராமன் அண்ணன் மொட்டைத் தலையோடு வந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு லட்டும் ஓட்டைப் பீஸும் சேர்ந்து வந்தது. அதை மிஷினில் வைத்து மூடினேன். பச்சை எரிந்தது. திரும்ப வைத்தேன், பச்சை. மூன்றாவது தடவையும் பச்சை. குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன். பித்தளை வாய்க்குள் சந்தனம் கல்லாக இருந்தது. காற்று டப்பாவுக்குப் போகவே இல்லை. மிஷின் காற்றைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கசியவில்லை, பச்சை என்று நாலு நாளும் சொல்லியிருக்கிறது. நான் ஊசியால் குத்தி எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டி ஓட்டைப் பீஸை வைத்தேன். சிவப்பு எரிந்தது. அதன் பிறகு நேற்று செய்து பெட்டியில் போடாமல் மிச்சம் கிடந்த இருபது டப்பாவை வைத்துப் பார்த்தேன். நாலு சிவப்பு.

அப்போது மணி 9.40. நாலு நாளில் செய்த 612 டப்பாக்கள் 34 பெட்டியில் கட்டி டிஸ்பாட்சில் இருந்தன, 12 மணிக்கு லாரி. கோதண்டராமன் அண்ணன் அந்த லட்டுக் கையோடேயே ராஜாமணி சாரிடம் ஓடினார், நானும் ஓடினேன். சார் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, குழாயை யாரைக் கேட்டுக் கழற்றினாய் என்றார். அனுமதி இல்லாமல் கை வைத்த மிஷின் இனிமேல் கணக்கில் வராது, வெளியிலிருந்து ஆள் வந்து சரிபார்த்துச் சீல் வைக்கும்வரை அது காட்டும் சிவப்பு செல்லாது, அந்த ஆள் திங்கட்கிழமைதான் வருவார் என்றார். அப்படியென்றால் அது காட்டிய பச்சை மட்டும் எப்படி சார் செல்லும் என்று கேட்டேன். "பச்சைக்கு உன் கையெழுத்து இருக்கே" என்றார். கோதண்டராமன் அண்ணன் மொட்டையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். சாவியைப் பற்றிச் சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு பெட்டியை நிறுத்தி வைக்கும் சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு டிஸ்பாட்சுக்குப் போனேன். அட்டையில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும், எனக்கு அதிகாரம் கிடையாது. இருந்தும் ஒட்டினேன். நான் ஒட்ட ஒட்ட டிஸ்பாட்ச் ஆள் ஒருவர் பின்னாலேயே வந்து கிழித்துப் போட்டார். ஆத்திரத்தில் ஒரு பெட்டியின் மூடியைக் கிழித்துவிட்டேன். அதன் பிறகு கம்பெனி கேட்டுக்கு ஓடி, வெளியே வந்த லாரிக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தேன்.

லாரி டிரைவர் பெயர் காசிராஜன். அவர் இறங்கி வந்து, "இன்னாம்மா நீ, வயசுப் பொண்ணு, எந்திரி, எனுக்கு ஏர்போர்ட்ல டைம் கீது" என்றார். நான் ஓட்டைப் பீஸை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, இத நெஞ்சுல கட்டிக்கிட்டு ஒருத்தன் பனிக்குள்ள கெடப்பான், நம்மள தேடுவாங்கன்னு நம்பிக்கிட்டே கெடப்பான், இது செத்துக் கெடக்கும்" என்று சொன்னேன். அவர் வண்டியில் ஏறி எஞ்சினை அணைத்தார். கம்பெனியில் நான் சொன்னதைக் கேட்டு ஒரு காரியம் நடந்தது அந்த ஒரு தடவைதான். இருபது நிமிடம் லாரி அப்படியே நின்றது. அதன் பிறகு வேறு வண்டி கூப்பிடுவோம், இனி உனக்கு இங்கே லோடு கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் அவரிடம் சொன்னார்கள். அவர் ஓட்டைப் பீஸை என் மடியில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி ஏறினார். இரண்டு செக்யூரிட்டி அக்காக்கள் என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள். 12.25 மணிக்கு லாரி படப்பை ரோட்டில் போனது. நான் சாதிக்கு மதத்துக்குக் கட்சிக்கு யூனியனுக்கு என்று எதற்காகவும் மறிக்கவில்லை. என்னைத் தூண்டியவர் யாரும் இல்லை.

இந்த நிலையத்துக்கு வந்தவுடன் முதலில் லாரியை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கும்பிட்டேன். புகார் உன் மேல்தான் இருக்கிறது, லாரி மேல் இல்லை, முதலில் வாக்குமூலம் என்று சொன்னார்கள். ஏட்டையாவைக் குறை சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல அவருக்கே எழுதுவது நின்றுபோய், 2.50 மணிக்குத் தன் சொந்தப் போனில் டிரைவரைக் கூப்பிட்டார். சரக்கை இறக்கிச் சீட்டும் வாங்கிவிட்டேன் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அதன் பிறகு கம்பெனிக்குப் போன் போட்டார். எல்லா டப்பாவுக்கும் சோதனை செய்து கையெழுத்தான தாள் இருக்கிறது என்றார்கள்.

பெட்டி எண் 41 முதல் 74 வரை. இதை மட்டும் பெரிதாக எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், எழுதியிருக்கிறார். இந்தத் தாள் எங்கே போகும் என்று கேட்டேன். வழக்குக் கட்டோடு கோர்ட்டுக்குப் போகும், முதல் வாய்தா நவம்பர் 20-ந் தேதி வாக்கில் வரும், அன்று ஜட்ஜ் ஐயாவிடம் சொல் என்றார். பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளில், சிப்பாய்கள் கையில் நவம்பர் 1-ந் தேதி கொடுத்தாக வேண்டும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அதற்கு முன்னால் நான் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை, அத்தனையும் நடந்த நிஜம். நேரம் மாலை 4.05.

(ஒப்பம்)
உ. முத்துச்செல்வி

என் முன்பாக,
முனிரத்தினம், தலைமைக் காவலர்