ஃபிளாஷ் எரியாத முகூர்த்தம்

பெயர்: சங்கமித்ரா. தந்தை பெயர்: புத்ததாசன் (காலமாகிவிட்டார்). வயது: 29. தொழில்: கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பது. இருப்பிடம்: ஸ்ரீராம்புரம், பெங்களூரு. வாக்குமூலம் பதிவான நாள்: 13.02.2008.

நான் மேலே கண்ட முகவரியில் என் தாயாருடன் வசித்து வருகிறேன். எனக்குத் தமிழும் கன்னடமும் பேசத் தெரியும். தமிழில் சொல்ல விரும்புவதாக நான் கேட்டுக்கொண்டதால் இது தமிழில் எழுதப்படுகிறது. காந்தா அம்மாள் என்பவர் என் மீது கொடுத்துள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அவருடைய மகன் கல்யாணத்தில் நான் வேண்டுமென்றே ஃபிளாஷை வேலை செய்யாமல் வைத்து முகூர்த்தத்தைத் தாமதப்படுத்தினேன் என்றும், அதன் பிறகு கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களை மிரட்டிக் கல்யாணத்தை நிறுத்தினேன் என்றும் அதில் உள்ளது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

10.02.2008 ஞாயிற்றுக்கிழமை காலை ஒக்கலிபுரத்தில் உள்ள ஒரு மண்டபத்தில் காந்தா அம்மாளின் மூத்த மகன் முனிராஜுக்குக் கல்யாணம் நடப்பதாக இருந்தது. பெண், காந்தா அம்மாளின் தம்பி கோவிந்தப்பாவின் ஒரே மகள் வீணா. போட்டோ எடுக்க என்னை அமர்த்தியவர் காந்தா அம்மாள். பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மண்டபம் இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் இருப்பதால் பகலிலும் உள்ளே வெளிச்சம் போதாது. என்னிடம் உள்ள டிஜிட்டல் கேமராவில் கூடவே அமைந்த சிறு ஃபிளாஷ் கிடையாது. மேலே தனியாகப் பொருத்தும் ஃபிளாஷ் எரிந்தால்தான் அங்கே படம் விழும்.

நான் போய்ச் சேர்ந்ததும் மணமகள் அறையில் பெண்ணைத் தனியாக எடுக்கச் சொன்னார்கள். முதல் படத்துக்கே ஃபிளாஷ் எரியவில்லை. பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனைப் பட்டனை அழுத்தினால் பளிச்சென்று எரிந்தது. கேமராவின் ஷட்டரை அழுத்தினால் மட்டும் எரியவில்லை. இருந்தாலும் சந்தேகத்துக்குப் புது பேட்டரி நான்கும் மாற்றிப் பார்த்தேன். அதன் பிறகு கேமரா மெனுவில் வெளி ஃபிளாஷ் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அணைக்கப்படவில்லை. அதன் பிறகு ஃபிளாஷைக் கழற்றித் திரும்ப மாட்டி, பூட்டு வளையத்தை இறுக்கிப் பார்த்தேன். அப்போதும் எரியவில்லை. ஃபிளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவில்தான் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கழற்றி அடிப்பக்கம் பார்த்தபோது நடு ஊசியில் பச்சையாகக் கறை பிடித்திருந்தது. முந்தின வாரம் வேறொரு கல்யாணத்தில் பன்னீர் தெளித்தபோது நனைந்தது என்று நினைக்கிறேன்.

அறையில் கூட்டமாக இருந்ததால், வேலை முடியும் வரை வெளியே இருக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். பெண் மட்டும் நாற்காலியில் இருந்தாள். பென்சில் அழிக்கும் ரப்பர் இருந்தால் அந்தக் கறையைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. அவள், "ரப்பர் என்கிட்ட இருக்குதுக்கா" என்று சொல்லி எழுந்து, துணிப்பைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்கூல் பையை இழுத்து, அதற்குள்ளிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். கை நிறைய மருதாணியும் வளையலும் இருந்ததால் மூடி திறக்கச் சிரமப்பட்டாள்.

கல்யாணத்துக்கு ஸ்கூல் பை எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட். அத்தை வூட்லருந்தே போயிடலாம்னு எடுத்தாந்தேன்" என்றாள். என்ன கிளாஸ் என்று கேட்டதற்கு "நைன்த்து" என்றும், வயது கேட்டதற்குப் பதினான்கு என்றும் சொன்னாள். மேக்கப்பிலும் பூ அலங்காரத்திலும் எனக்கு அது தெரியவில்லை. நான் ரப்பரால் ஊசியைத் தேய்த்துக்கொண்டே, கல்யாணத்துக்குப் பிறகு படிக்க அனுப்புவார்களா என்று கேட்டேன். "அத்தை மாட்டேன்னுடுச்சு. அப்பாகிட்ட கேட்டா பேசவே மாட்டேங்குது. நிறுத்த முடியுமாக்கா?" என்றாள். அழவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஊசி சுத்தமாகிவிட்டது. மாட்டி ஷட்டரை அழுத்தினேன். ஃபிளாஷ் எரிந்தது. அந்த ஒரு படம் கார்டில் இருக்கிறது. பெண் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அதன் பிறகு நான் முதலில் கோவிந்தப்பாவிடம்தான் போனேன். அவர் மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவர். பந்தி பக்கம் வாழை இலை அடுக்கிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை, சட்டப்படி தப்பு, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் இலையைக் கீழே வைக்காமல், "அவ அம்மா போயிட்டா. விடியறதுக்கு முன்ன நான் வேலைக்குப் போயிடறேன். எங்க வட்டாரத்துல வயசுக்கு வந்த பொண்ணைத் தனியா வுட்டுட்டுப் போறது எப்படின்னு நீ சொல்லும்மா. அக்கா வூட்ல இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். வேறு வழி பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "எங்க வூட்டு விஷயம். நீ போட்டோ எடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு நான் மண்டபத்து வாசலுக்கு வந்து என் செல்போனிலிருந்து குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் பேசினேன். போலீஸாருடன் வருவதாகவும், அதுவரை தாலி கட்டாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது என்றும், சண்டை வேண்டாம் என்றும் சொன்னார்கள். முகூர்த்த நேரம் முடிய நிறைய நேரம் இருந்தது. தாலி கட்டும் படம் கட்டாயம் வேண்டும் என்று காந்தா அம்மாள் என்னிடம் பல தடவை சொல்லியிருந்தார். பெரிய மருமகன் எடுத்த படங்கள் ஒன்றும் விழாமல் போனதால் தன் இளைய மகள் கல்யாணத்துக்கு ஆல்பமே இல்லை என்று அவருக்குக் குறை இருந்தது. ஆகவே ஃபிளாஷ் எரியாவிட்டால் காத்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, நடு ஊசி படாதபடி ஃபிளாஷைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைத்தேன். இதை நானே என் கையால் செய்தேன். இதை நான் மறுக்கவில்லை.

பெண்ணை மணவறைக்குக் கூட்டி வந்ததும் எல்லோர் முன்னும் ஷட்டரை அழுத்தினேன். எரியவில்லை. காந்தா அம்மாள், "ஏம்மா, காலைலருந்து இதே கதையா?" என்று சத்தம் போட்டுவிட்டு, ஐயரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பொறுத்துப் பார்த்தும் நான் சரிசெய்யாததால் தன் இளைய மகன் உமேஷைக் கூப்பிட்டார். உமேஷ் ஐடி கம்பெனியில் வேலை செய்பவர். சொந்தமாகக் கேமரா வைத்திருப்பவர். அவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்று கேமராவை வாங்கிக்கொண்டார்.

அவர் பேட்டரியைப் பார்த்தார். அதன் பிறகு சோதனைப் பட்டனை அழுத்தினார், எரிந்தது. அதன் பிறகு ஃபிளாஷைத் தானியங்கியிலிருந்து கையியக்கத்துக்கு மாற்றினார். அதன் பிறகு மெனுவுக்குள் போனார். நான் காலையில் பார்த்த அதே வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தார். அவசரப்படவில்லை. அடுத்தது எங்கே கை வைப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கட்டை விரலால் ஃபிளாஷின் அடியைத் தடவி, முன்னால் தள்ளி, வளையத்தைத் திருகினார். ஷட்டரை அழுத்தினார். எரிந்தது.

அவர் என்னைப் பார்த்து, "மேடம், இது தானா லூஸ் ஆகாது. நீங்கதான் பண்ணீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். "வீணாவுக்குப் பதினாலு வயசு. நைன்த் படிக்குது. நிறுத்த முடியுமான்னு என்கிட்ட கேட்டுச்சு" என்றேன். "பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு அம்மா சொன்னாங்களே" என்றார். கடைசியாக அந்தப் பெண்ணை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் மணவறைப் பக்கம் பார்த்துவிட்டு, கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் தாயாரிடம் போனார். காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், "இன்னும் சரியாவலம்மா. கொஞ்சம் டைம் ஆவும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குக் காந்தா அம்மாள், "படமும் வேணாம் ஒண்ணும் வேணாம். வேற கேமரா வரவெச்சு சாயங்காலம் எடுத்துக்கலாம். ஐயரே, நீங்க ஆரம்பிங்க" என்றார்.

உதவிக்கு வருவதாகச் சொன்னவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. தாலித் தட்டு சபையில் சுற்றி வரத் தொடங்கியது. இனிமேல் ஃபிளாஷ் எரியவில்லை என்று காட்டுவதால் பயன் இல்லை என்று தெரிந்ததும், நான் மணவறைக்கு எதிரே போய் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொன்ன வார்த்தைகள் இவை: "இந்தப் பொண்ணுக்குப் பதினாலு வயசு. தாலி கட்டினா, கட்டுற கைய எடுப்பேன், மந்திரம் சொல்ற முகத்த எடுப்பேன், அரிசி போடுற ஒவ்வொரு முகத்தயும் எடுப்பேன். இது ஆல்பத்துக்கு இல்ல. கோர்ட்டுக்கு." இதைத்தான் புகாரில் மிரட்டல் என்று எழுதியிருக்கிறார்கள். சொன்னது உண்மை.

அதன் பிறகு எடுக்க ஆரம்பித்தேன். முதல் வெளிச்சத்துக்கு ஐயர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை, "என்கிட்ட வயசு மாத்திச் சொல்லிட்டாங்கம்மா, என்னை இதுல இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் சிலர் செருப்பைத் தேடிப் போனார்கள். தாலித் தட்டை வைத்திருந்தவர் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நாற்காலி மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். சில படங்கள் ஆடியிருக்கின்றன.

முனிராஜ் எழுந்து வந்து, "யாரு நீனு? கொடு இல்லி!" என்று, இங்கே கொடு எனக் கன்னடத்தில் அதட்டி, கேமராவின் வாரைப் பிடித்து இழுத்தார். கேமரா கீழே விழுந்து ஃபிளாஷ் அடியோடு உடைந்தது. உமேஷ் வந்து தன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்போது வீணா யாரும் கூப்பிடாமல் மணவறையிலிருந்து தானே எழுந்து, கழுத்து மாலையைக் கழற்றிப் பலகை மேல் வைத்துவிட்டு, நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கோவிந்தப்பா பந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகளைத் திரும்பப் போகச் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் போலீஸார் வந்தார்கள். மெமரி கார்டை அங்கேயே பெண் உதவி ஆய்வாளரிடம் ஒப்படைத்தேன். வீணாவை அரசுப் பெண்கள் இல்லத்தில் சேர்த்ததாகவும், அங்கிருந்தே பரீட்சை எழுத ஏற்பாடு செய்வதாகவும் அறிகிறேன்.

நேற்று காந்தா அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். என் தாயார் காபி கொடுத்தார், அவர் குடிக்கவில்லை. "ஃபிளாஷு ரிப்பேருன்னு எழுதிக் குடுத்துடு. நானும் கம்ப்ளைன்ட வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டு பேருக்கும் மரியாதை" என்றார். நான், "ரிப்பேரு காலைலயே சரியாயிடுச்சும்மா. அப்புறம் நடந்ததெல்லாம் நான் பண்ணினது" என்று சொல்லிவிட்டேன். ரிப்பேர் என்று எழுதினால் கல்யாணம் நின்றது தற்செயல் என்று ஆகிவிடும். அடுத்த தையில் நல்ல ஃபிளாஷோடு வேறு ஆளைக் கூட்டி வருவார்கள். ஆகவே என் மீது வழக்கு வந்தாலும் வரட்டும், இதில் ஒரு சொல்லையும் நான் மாற்றப் போவதில்லை.

இன்று இந்த வாக்குமூலம் கொடுக்க வந்தபோது கோவிந்தப்பா வேலை உடுப்போடு நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "பாப்பா இருக்கிற இடத்துக்கு எந்த பஸ்ஸு போவுது?" என்று கேட்டார். பஸ் நம்பர் சொன்னேன். அங்கே போனால் உள்ளே விடுவார்களா, தன்னிடம் அவள் பேசுவாளா என்று கேட்டார். உள்ளே விடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். நாளைக் காலை அவருடன் நானும் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகவே நாளை என்னை விசாரணைக்கு அழைப்பதானால் மதியத்துக்கு மேல் அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் என் கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும், கையால் செய்ததும் மட்டுமே. அதிகாரி வாசித்துக் காட்ட முழுவதும் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் எதுவும் கலக்கவில்லை என்று உறுதி கூறி, என் சம்மதத்தின் பேரில் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பு. சங்கமித்ரா