மூட்டைக்கு எதுக்கு ஜன்னல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் ஜீப்புக்குத் தகரக் கூண்டு கட்டுகிற மேஸ்திரி. தகரம் தட்டிக் காது மந்தமானவர் போலும், உரக்கத்தான் பேசினார். மற்றவர் வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற ஜீப்பை ஓட்டுகிறவர். அவர் மடியில் சாக்கு சுற்றிய இரண்டு கண்ணாடிகள்.

“மல்லாட்டை மூட்டைக்கு எதுக்குப்பா ஜன்னலு?”

“வைங்க மேஸ்திரி.”

“சரி, உக்காந்தா தெரியற ஒசரத்துல வெட்டறேன்.”

“வேணாம். படுத்துக்கினு பாத்தா தெரியணும்.”

“அவ்ளோ கீழ வெச்சா மூட்டை இடிச்சி ஒடைஞ்சிடும்.”

“ஒடைஞ்சா வேற போட்டுக்கலாம். எம் பொண்டாட்டிய பிரசவத்துக்கு வானூர்லேர்ந்து திண்டிவனத்துக்கு அந்தக் கூண்டுலதான் படுக்க வெச்சி கொண்டாந்தேன். ‘எந்த ஊரு வந்துது’ன்னு தகரத்தத் தட்டிக்கினே வந்தா. கிளியனூரே தாண்டல, திண்டிவனம் வந்துடுச்சின்னு சொல்லிக்கினே ஓட்னேன். அப்பறம் அவ தட்டல. தூங்கிட்டான்னு நெனைச்சேன். ஆஸ்பத்திரியில கதவத் தொறந்தப்பதான் தெரிஞ்சிது, மூச்சில்ல.”

மேஸ்திரி அவர் மடியிலிருந்த சாக்கை விலக்கிக் கண்ணாடிகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒரு பக்கம் வெச்சா போதுமே. எதுக்கு ரெண்டு கண்ணாடி?”

“எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினு கேட்டாளோ, தெரியல.”