லிங்கசாமிக்கு ஒரு மூஞ்சி

...அட, அழுவாதீங்க அம்மிணி. மொதல்ல உக்காருங்க. அந்தப் பூவ இப்படிக் குடுங்க, சாமிக்கு வெச்சுக்கறேன். என்ற ஊட்டுக்காரரு சாவலீங்க. நல்லாத்தான் இருக்கறாரு. காத்தால கூட சட்டினியில உப்புப் பத்தலைன்னு ஒரு மூச்சு கத்திப்போட்டுத்தான் கெளம்புனாரு.

செவுத்துப் படத்துல பட்டாளத்துத் தொப்பியும் மாலையுமா இருக்கறது அவரு மூஞ்சிதான்... ஆனா அது அவரு இல்லீங்க. அது லிங்கசாமி.

குடி வந்து இன்னும் சாமானே பிரிக்கலை, அதுக்குள்ள துக்கம் கேக்க வந்துட்டீங்க. நல்ல மனசுங்க. ஆனா பாருங்க, இதே பொழப்பாப் போச்சு எனக்கு. போன வருசம் இதே ஆடி அமாவாசைக்குத்தான் படத்த மாட்டுனேன். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளு எட்டிப் பாத்தான். ஒரு வார்த்தை கேக்கோணுமில்ல? கேக்கலையே. நேரா காதர்பேட்டைல போய்ச் சொல்லிப்போட்டான். அங்கதான் எங்கூட்டுக்காரருக்கு பனியன் கடை. ஆள் ஒசரத்துக்கு ரோசாப்பூ மாலை தூக்கிட்டு பக்கத்துக் கடைக்காரங்கெல்லாம் வந்தா, இவரு கல்லாவுல உக்காந்து வடை தின்னுட்டு இருக்கறாரு. என்னமோ சங்கத்துல நமக்கு மரியாதை பண்றாங்கன்னு நெனச்சு எந்திரிச்சுக் கழுத்த நீட்டிருக்கறாருங்க. எனக்கு இப்ப நெனச்சாலும்... இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். பொறையேறிருச்சு.

லிங்கசாமி ஆருன்னுதான கேக்கறீங்க? எங்கப்புச்சிக்குத் தம்பி. எங்கம்மாளுக்குச் சித்தப்பன். நாங்க தறிக்காரங்க ஊடு. நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளக்காரன் சண்டை வந்தப்ப நூலு கெடைக்காம தறி நின்னுபோச்சு. பட்டாளத்துல சேந்தா சோறு போடறாங்கன்னு போயிட்டாரு. மீசை கூட சரியா மொளைக்கலையாமா. கப்பல்ல ஏத்தி பாஸ்ராவுக்குக் கொண்டுபோனாங்க. டிவியில ஈராக்கு ஈராக்குன்னு காட்டறாங்கல்ல, அங்கதான்.

அங்க சண்டைன்னா ஓடிப் புடிச்சு அடிக்கறதில்லைங்க. ஆள் மறையறாப்புல நீட்டமா குழி வெட்டி அதுக்குள்ளயே கெடக்கறது. எதுத்தாப்புல துருக்கிக்காரன் அவன் குழிக்குள்ள கெடப்பான். தலை தெரிஞ்சா சுடுவான். மழை வேற. மொழங்காலு வரைக்கும் சேறு. ஒரு நா நல்லா வெயிலடிச்சிருக்குது. லிங்கசாமி வேட்டிய அலசி, குழிக்கு மேல மண்ணுமூட்டை மேல காயப் போட்டிருக்கறாரு. அவங்கம்மா மருதாள் தறியில நெய்ஞ்சு குடுத்த வேட்டிங்க அது. காயற நேரத்துல சடசடன்னு மழை. எல்லாரும், கெடந்துட்டுப் போகுது உடுன்னாங்களாமா. "காஞ்ச துணிய நனைய உடலாமா"ன்னு எந்திரிச்சுக் கைய நீட்டுனாரு. அவ்வளவுதானுங்க. கூட இருந்த தாராபுரத்துக்காரரு திரும்பி வந்து சொல்லித்தான் ஊட்டுக்குத் தெரியும். மருதாள் சாவற வரைக்கும் அழுததில்லையாமா, வையறதுதான். துணிக்காவ உசுர உட்டவனே, துணிக்காவ உசுர உட்டவனேன்னு, தறியில உக்காந்தா அதே வசவு.

சர்க்காரு பேரு போட்டு வெண்கலத்துல ஒரு தட்டு அனுப்பிச்சாங்க. எங்கம்மா அதப் பாத்திரக்கடைல போட்டு கொடம் வாங்கிருச்சு. போட்டோன்னு ஒண்ணு எடுத்ததே இல்லை, இருந்த பேரும் போச்சா? அமாவாசைக்குப் படையல் போட்டா எல்லாத்துக்கும் படம் இருக்குது, லிங்கசாமிக்கு மட்டும் வெறுஞ்செவுரு. எனக்கு மனசு கேக்கலீங்க. ஸ்டுடியோவுக்குப் போயி பட்டாளத்துக்காரர் படம் ஒண்ணு போட்டுக் குடுங்கன்னேன். உடுப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது, மூஞ்சி குடுங்கம்மான்னாரு. மூஞ்சிக்கு நான் எங்க போவேன்? பர்ஸுக்குள்ள ரேசன் கார்டுக்கு எடுத்த எங்கூட்டுக்காரரு போட்டோதான் கெடந்துச்சு. எடுத்து நீட்டிப்போட்டேன். என்னங்க, தப்பா?

தப்புன்னுட்டாரு அவரு. மாலையோட ஊட்டுக்கு வந்தாரு, செவுத்தப் பாத்தாரு. பொட்டியத் தூக்கிட்டு ஊத்துக்குளில அவரு அக்கா கண்ணம்மாள் ஊட்டுக்குப் போயிட்டாரு. படத்த எறக்குனாத்தான் வருவேன்னு சொல்லி உட்டாரு. நானும் எறக்க மாட்டேன்னு இருந்தேன். அப்பறம் ஊடு வெறிச்சுனு கெடந்துச்சுங்க. கத்தறதுக்கு ஆளில்லாம சோறே எறங்கல. பஸ் ஏறிட்டேன்.

அங்க போயி, உங்களுக்குச் சொன்னனே, இதே மாதிரி மொதல்ல இருந்து சொன்னேன். முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணிருக்கறோம், இத அவருகிட்டச் சொன்னதே இல்லைன்னு அப்பத்தான் ஒறைக்குது. கண்ணம்மா மோரு கலக்கீட்டு வந்து நிக்குது, இவரு வாங்கவே இல்லை. அப்பறமா மெல்லமா சொன்னாருங்க: "நானா இருந்தாலும் எந்திரிச்சிருப்பேன்."

பனியன்காரருல்ல. கடைல ஓடு ஒழுகுனா கொடைய அவருக்குப் புடிக்க மாட்டாரு, பண்டலுக்குத்தான் புடிப்பாரு. கண்ணு கலங்கிப்போச்சுங்க அவருக்கு. படம் இருந்துட்டுப் போகட்டும், அந்தப் பையனுக்கு என்ற மூஞ்சிய வெச்சுக்கன்னாரு. ஆனா மாலை போடற அன்னைக்கு மட்டும் படையல் முடியற வரைக்கும் நான் ஊட்டுல இருக்க மாட்டேன், பாக்கறவங்களுக்குக் கொழப்பமாயிரும்னு சொல்லிப்போட்டாரு. அதான் இன்னைக்கு விடிஞ்சதும் அவிநாசிபாளையத்துல தெரிஞ்சவங்க தோட்டத்துக்குப் போயிட்டாரு.

அட, எந்திரிக்காதீங்க. படையலன்னைக்கு வந்துபோட்டு கை நனைக்காமப் போவாங்களா? இருங்க... செல்லடிக்குது. அவருதான்.

ஏனுங்க... ஆமா, புதுசா வந்த பக்கத்தூட்டு அம்மிணிங்க. அவங்களும் துக்கம் கேக்கத்தான்... சிரிக்காதீங்க, பாவம், பூவெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கறாங்க... என்னங்க?

கேக்கறாரு பாருங்க அம்மிணி, "நான் இன்னும் செத்துத்தான் கெடக்கறனா, இல்ல ஊட்டுக்கு வரலாமா"ன்னு.

லைன்லயே இருங்க, மாடிக்குப் போயி பாக்கறேன்... எடுத்திருச்சுங்க, காக்கா எடுத்திருச்சு. வாங்க. லிங்கசாமி சாப்புட்டாச்சு.