மாத்திரை பிடுங்கும் அறை

இல்லை, அந்த அறையில் மாத்திரை கிடையாது. மருந்துக்குக்கூடக் கிடையாது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, நான். கதவில் மருந்தாளுநர் என்று எழுதியிருக்கிறது. மாத்திரையே இல்லாமல் உள்ளே என்னதான் செய்கிறாய் என்று, மேடைப் படியில் நான் கால் வைக்கும்போதே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். கேட்ட வேகத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். வணக்கம் விட்டுப்போயிற்று. இதோ, பிடியுங்கள்.

மூக்குக்கண்ணாடியை நெற்றியிலும், மூன்று வேளை மாத்திரையைச் சட்டைப்பையிலும், என் பேச்சின் ஆயுளை மேசை மணியிலும் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! சொன்ன மருந்தைச் சொன்ன வேளையில் சாப்பிடுவதாக என்னிடம் மட்டும் சொல்லும் சான்றோர்களே! விழுங்கினாரா, கன்னத்தில் ஒதுக்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் தாய்மார்களே! எழுதிக் கொடுக்கும் டாக்டரம்மா அவர்களே, எடுத்துச் சொல்லும் நர்ஸக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் மாத்திரை இல்லாத மருந்தாளுநரின் மனமார்ந்த வணக்கம்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எனக்குக் கொடுத்த தலைப்பு, மருத்துவக் குழுவில் மருந்தாளுநரின் பங்கு. தலைப்பை அறிவித்ததும் மூன்றாம் வரிசையில் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். அவர்கள் நீடு வாழ்க. அவர்கள் திரும்புவதற்குள் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நிலையத்தின் இந்த மண்டபத்துக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், ஒரு சலூன் இருக்கிறது. அதன் உரிமையாளர் இதோ சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். கதையைச் சொல்ல அனுமதி கேட்டேன். கதையில் தன்னைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்தார். அவர் ஒல்லியானவர்.

சென்ற ஆண்டு அவர் கை நடுங்கத் தொடங்கியது. கத்தி பிடிக்கும் கை. கன்னத்தில் மென்மையாக, கழுத்தில் கவனமாக, காதோரத்தில் காற்றைப் போலப் போய்வந்த கை. மீசையைச் சரிசெய்ய வந்தவர் மீசை இல்லாமல் போனார். இரண்டு கிருதாவையும் ஒரே அளவாக்குகிறேன் என்று இடதும் வலதுமாக ஏற்றிக்கொண்டே போனதில், ஒருவருக்குக் கிருதா காதைவிட்டே குடிபெயர்ந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வழி மாறினார்கள். கடைசிவரை மாறாமல் வந்தவர் ஒருவர்தான். அவருக்குத் தலையில் முடி கிடையாது. பேப்பர் படிக்க வருவார்.

சலூன்காரருடைய மனைவியின் தம்பி கைபேசி உறை விற்கக் கடை தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். “மச்சான், யாரு காதாவது போறதுக்குள்ள கௌரவமா விட்டுருங்க” என்றார். மாசக் கடைசியில் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சாயிற்று. சலூன்காரருக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்கு வேண்டாம். பகலெல்லாம் காலி நாற்காலியை அவரே சுற்றிவிட்டு அவரே நிறுத்துவார் என்று அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இந்த நிலையில் அவர் என் அறைக்கு வந்தார். விரும்பி வரவில்லை. நிறைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. வீட்டில் விழுங்குவதை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். அவர் கொண்டுவந்தது மூன்று அட்டை. மறுநாள் அவர் மனைவி கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டப்பா. நம் வீடுகளில் கணவர் சொல்லும் கணக்குக்கும் மனைவி காட்டும் கணக்குக்கும் நடுவில்தான், தாய்மார்களே, என் தொழிலே நடக்கிறது. சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு டப்பாவும் எனக்குத் தெரியும்.

கொட்டினேன். மாத்திரைகளுக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தான். இதையும் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். “தெரியலம்மா. வெள்ளையா இருந்தா போட்டுக்குவாரு” என்றார் அந்த அம்மா.

என் வேலை இவ்வளவுதான். மாத்திரைகளை, அவை வீட்டுக்கு வந்த வரிசையில் மேசைமேல் நிறுத்துவேன். ஒவ்வொன்றையும் கேட்பேன்: நீ யார்? உன்னை அழைத்தது யார்? எத்தனை நாள் தங்கச் சொன்னார்கள்? ஏன் இன்னும் போகவில்லை? கல்யாணம் முடிந்தும் கிளம்பாத உறவினரைக் கேட்கத் தயங்கும் கேள்விகள். மாத்திரை கோபித்துக்கொள்ளாது.

முதலில் வந்தது ரத்த அழுத்த மாத்திரை. முறையான விருந்தாளி. ஆனால் அளவு கூடியதும் எழுந்து நின்றால் தலை சுற்றியது. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை வந்தது. அது சிலருக்குக் கையை நடுங்கவைக்கும். அவருக்கு நடுங்கவைத்தது. நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை வந்தது. அது வாயை வறளவைத்து வயிற்றையும் கட்டிப்போட்டது. வயிற்றுக்கு ஒரு மருந்து வந்தது. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து, வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

யார் செய்த தவறு? டாக்டரம்மாவிடம் போனேன். பார்த்தார். “தலைசுத்தலுக்கு நான்தான் எழுதினேன். கொஞ்ச நாளைக்குத்தான் எழுதினேன்” என்றார். உண்மை. கொஞ்ச நாள் கழித்து சலூன்காரர் வந்தபோது, வரிசையில் அறுபது பேர் நின்ற வேளையில், முன்போலவே என்று ஒரு வார்த்தை எழுதப்பட்டது. அடுத்த முறையும் முன்போலவே. அதற்கடுத்த முறையும் முன்போலவே. அறுபது பேருக்கும் வேகமாக வைத்தியம் பார்க்க அந்த வார்த்தை இல்லாமல் முடியாது. அந்த வார்த்தையை அவ்வப்போது தட்டிக் கேட்க இன்னொரு ஆளும் இல்லாமல் முடியாது. மருந்தை யார் நிறுத்தச் சொன்னது என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்? யார் தொடரச் சொன்னது என்று ஒரு வீட்டிலாவது கேட்டோமா?

டாக்டரம்மா ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். தலைசுற்றல் மாத்திரைக்கு விடைகொடுத்தார். நடுக்கத்துக்குக் கொடுத்ததைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தார். அதைச் சொல்லும் வேலை எனக்கு. சலூன்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாத்திரை குடுக்குற எடம் தெரியும். மாத்திரை புடுங்குற எடத்த இப்பத்தாம்மா பாக்குறேன். ஒரு ஊசியாவது போடுங்க, இவ்வளவு தூரம் வந்ததுக்கு.”

சாலையைக் கடந்துதான் வந்திருந்தார்.

நடுக்கம் எப்போது போகும் என்று கேட்டார். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், போகாமலும் இருக்கலாம் என்றேன். அதுவரை சாவியைக் கொடுக்காதீர்கள் என்றேன். தேதி சொல்லத் தெரியாத ஒருத்தியின் பேச்சை நம்பி, தேதி குறித்துவிட்ட மைத்துனரை அவர் நிறுத்திவைத்தார்; கை தேறும்வரை கடையையும் பூட்டிவைத்தார். மைத்துனர் அடுத்த வாரமே வந்து, காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று, சலூன் சுவரை நாடாவால் அளந்துவிட்டுப் போனார்.

கை தேறுகிறதா என்று பார்க்க, தாளில் சுருள் வரையச் சொல்வது என் வழக்கம். அதற்கு அவர் ஒப்பவில்லை. அவர்கள் தொழிலில் பழகுகிறவர்களுக்கு வேறு பரீட்சை உண்டாம். பலூனை ஊதி, நுரை தடவி, சவரக் கத்தியால் மழிக்க வேண்டும். பலூன் பிழைத்தால் கை தேறிற்று. ஒவ்வொரு செவ்வாயும் பலூனோடு வந்தார்.

முதல் செவ்வாய், டமார். நர்ஸக்கா கையிலிருந்த தட்டு கீழே. இரண்டாம் செவ்வாய், டமார். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அழுத்தம் எகிறி, அவருக்கு ஒரு மாத்திரை சேர்க்க வேண்டியதாயிற்று. பிறகு அதையும் நான்தான் பிடுங்கினேன். என் மூக்குக்கண்ணாடியில் எந்நேரமும் நுரை. வெளியே காத்திருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை வரும்போதே காதில் பஞ்சோடு வந்தார்கள். அந்தப் பொண்ணு உள்ளே என்னதான் செய்யுது என்ற சந்தேகம் ஊரெங்கும் பிறந்தது அப்போதுதான்.

ஒரு செவ்வாய், அவர் உள்ளே வந்தார். ஊதினார். நுரை தடவினார். வெளியே எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கத்தி இறங்கியது. நுரையில் ஒரு வழி வந்தது. இன்னொரு வழி வந்தது. வெளியே எல்லோரும் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. காதிலிருந்து கைகள் மெல்ல இறங்கின. நர்ஸக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

சலூன்காரர் பலூனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழமழவென்று, முழுசாக, சிவப்பாக. பிறகு உட்கார்ந்துவிட்டார். “இன்னொரு தடவ செய்யட்டுமாம்மா?” என்றார். செய்தார். அதுவும் உடையவில்லை.

அவையோரே! இதுதான் அந்த அறை. நான் பலூன் காக்க வந்தவள் அல்ல. டாக்டரம்மாவின் கண்ணும், நர்ஸக்காவின் காதும், உங்கள் வீட்டு டப்பாவும் ஒரே மேசையில் சந்திக்க இடம் கொடுப்பவள். தொடங்க ஒரு பேனா போதும். தொடர ஒரு பழக்கம் போதும். நிறுத்த? நிறுத்த ஒரு குழு வேண்டும். எழுதியவர் வேண்டும், கேட்பவர் வேண்டும், பொறுப்பவர் வேண்டும், கை தேறும்வரை சாவியைக் கொடுக்காமல் இருக்கும் ஒரு பிடிவாதக்காரர் வேண்டும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பின்வரிசை ஐயா, உங்களைத்தான். முகத்திலேயே தெரிகிறது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. சலூனை மறுபடி திறந்து ஒரு வாரம் ஆகிறது. கை நிற்கிறது. நாற்காலியில்தான் யாரும் உட்காரவில்லை. பலூன் சரி, நம்ம கன்னம் எப்படி என்று ஊரே யோசிக்கிறது. மைத்துனர் நாளை நாடாவோடு வருகிறார். பேப்பர் படிக்க வருபவர் முன்வந்தார். பாவம், அவர் கன்னத்திலும் மழிக்க ஒன்றும் இல்லை. இந்த அரங்கில் இவ்வளவு கன்னங்கள் இருக்கின்றன. ஒன்று கிடைக்காதா?

தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். சரி.

மணி அடிக்கப்போகிறது. இவ்வளவு நேரம் முகம் சுளிக்காமல் என்னை மருந்துபோல் விழுங்கிய உங்களுக்கு நன்றி. உடல் சொல்வதையும் கேளுங்கள், டப்பாவையும் திறந்து பாருங்கள். வருகிறேன், வணக்கம்.

பேசி முடித்ததும் பக்கவாட்டுப் படியில் இறங்கி, சலூன்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்கழுத்து முடியைக் கத்தியால் எடுக்கச் சொன்னேன்.